கைத்தொலைபேசியும் ஆங்கிலப் பரீட்சையும்: பிள்ளைகளுக்காக நாம் செய்யக்கூடியவை

(சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றவிருக்கும் மாணவர்களுக்கும் பெற்றோருக்குமான கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



சங்கக் கூட்டம் என்றால் சம்பளம், கொழுந்து நிறை, அரைப்பேர், லயத்துக் கூரை, வீட்டுக்கான காணி என்றுதான் பேசிப் பழகியிருக்கிறோம். இன்று பிள்ளைகளின் ஆங்கிலப் பரீட்சையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இது சங்கத்தின் வேலையா என்று சிலர் கேட்கலாம். சங்கத்தின் வேலைதான். ஏன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

நமக்கும் ஆங்கிலத்துக்கும் சம்பந்தமில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். காலையில் பிரட்டுக்குப் போகிறோம். 'பரேட்' என்ற ஆங்கிலச் சொல்தான் பிரட்டு ஆனது. கொந்தரப்பு என்கிறோம், அது 'கொன்ட்ராக்ட்'. லயம் என்கிறோம், அது 'லைன்'. செக்ரோல், டிவிசன், பெக்டரி என்று இன்னும் எத்தனையோ. 200 வருடமாக ஆங்கிலச் சொற்கள் நம் வாயில் புழங்குகின்றன. ஆனால் அவை எப்படி வந்தன? கட்டளையாக வந்தன. துரை சொன்னார், கணக்கப்பிள்ளை தமிழில் சொன்னார், நாம் செய்தோம். அந்த மொழியை எழுதவும் வாசிக்கவும் நமக்கு யாரும் கற்றுத் தரவில்லை. அது ஆபிசுக்குள்ளேயே இருந்தது. செக்ரோலும் கணக்கும் அந்த மொழி தெரிந்தவர் கையில் இருந்தன.

இன்றும் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தால் படித்துச் சொல்ல ஆள் தேடுகிறோம். ஆஸ்பத்திரியில் எழுதித் தரும் துண்டும் மருந்துப் பெட்டியில் உள்ள குறிப்பும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. படித்துச் சொல்பவர் ஒரு வரியை விட்டுவிட்டாலும் நமக்குத் தெரியாது. பிள்ளைக்கு ஆங்கிலம் வந்தால் அந்தக் காகிதத்தை வீட்டிலேயே வாசிக்கலாம். உரிமையைப் பற்றிப் பேசும் சங்கம் இதைப் பற்றியும் பேசத்தான் வேண்டும்.

பரீட்சையை முதலில் விளங்கிக்கொள்வோம்

க.பொ.த. சாதாரண தரத்தில் ஆங்கிலம் கட்டாயப் பாடம். 35 புள்ளி எடுத்தால் எஸ், அதாவது சாதாரண சித்தி. 50 எடுத்தால் சி, திறமைச் சித்தி. 65க்கு பி, 75க்கு ஏ. ஆனால் உயர்தரம் படிக்க ஆங்கிலத்தில் சித்தியடைந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தியும், அவற்றில் மூன்றில் திறமைச் சித்தியும் இருந்தால் போதும். அதனால் 11ஆம் தரத்தில் பல பிள்ளைகள் ஆங்கிலப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கணிதத்தோடு போராடுகிறார்கள். கணிதம் கிடைக்காவிட்டால் கதவு மூடிவிடும் என்ற பயம் நியாயமானது.

உயர்தரத்திலும் பொது ஆங்கிலம் என்று ஒரு வினாத்தாள் உண்டு. அதன் புள்ளி பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளியில் சேராது. அதனால் அங்கேயும் அது பின்னுக்குப் போகிறது. இப்படி இரண்டு தடவை தப்பிவிடலாம். மூன்றாவது தடவை தப்ப முடியாது. மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளில் பல்கலைக்கழகப் படிப்பு ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. தமிழில் உயர்தரம் படித்து நல்ல பெறுபேற்றோடு போகும் பிள்ளை, முதல் நாள் விரிவுரையில் வாயடைத்துப் போய் உட்கார்ந்திருக்கிறது. வேலைக்குப் போனாலும் அதே நிலைதான். வங்கியிலும் ஹோட்டலிலும் கொழும்புக் கம்பெனியிலும் நேர்முகப் பரீட்சையில் முதலில் கேட்பது ஆங்கிலத்தைத்தான். பட்டணத்துப் பிள்ளை டியூஷனுக்குப் போய் அந்த இடைவெளியை நிரப்பிக்கொள்கிறது. தோட்டத்துப் பிள்ளைக்கு அந்த வசதி இல்லை. அது திறமைக் குறைவு அல்ல, வாய்ப்புக் குறைவு.

இனி வினாத்தாளைப் பாருங்கள். சாதாரண தர ஆங்கிலத்தில் இரண்டு வினாத்தாள்கள் உள்ளன, மொத்தம் மூன்று மணித்தியாலம். இடைவெளி நிரப்புதல், பொருத்துதல், பந்தியை வாசித்து விடை எழுதுதல், சிறு குறிப்பு, அறிவித்தல், கடிதம், வரைபடத்தைப் பார்த்து விவரித்தல், கட்டுரை என்று கேள்விகள் வரும். எல்லாமே வாசிப்பும் எழுத்தும். பேனா பிடித்துக் கையால் எழுத வேண்டும்.

இதிலிருந்து ஒரு விடயம் தெளிவாகிறது. கைத்தொலைபேசியில் படம் பார்த்துச் சொல் பொருத்தும் விளையாட்டுச் செயலிகள் சொல் பழக உதவும். ஆனால் அதில் நூறு நாள் தொடர்ந்து விளையாடினாலும் ஒரு கடிதம் எழுத வராது. பரீட்சை எதைக் கேட்கிறதோ அதைப் பழக்கும் கருவியைத் தெரிந்தெடுக்க வேண்டும்.

எவை இலவசமாகக் கிடைக்கின்றன?

முதலாவது, பாடப்புத்தகம். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பாடப்புத்தகங்கள் பி.டி.எப். வடிவில் இலவசமாக உள்ளன. 11ஆம் தரப் பிள்ளைக்கு அடித்தளம் ஆட்டம் கண்டிருந்தால் 7ஆம், 8ஆம் தர ஆங்கிலப் புத்தகத்தை இறக்கிப் படிக்கலாம். அதில் வெட்கம் எதுவும் இல்லை. கீழ்ப்படி உறுதியாக இருந்தால்தான் மேல்படியில் கால் வைக்கலாம்.

இரண்டாவது, கடந்தகால வினாத்தாள்கள். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்று மொழிகளிலும் பாடங்களும் பயிற்சிகளும் உள்ளன. பரீட்சைத் திணைக்களம் வெளியிடும் மதிப்பீட்டு அறிக்கை ஆசிரியரிடம் இருந்தால் கேட்டு வாங்குங்கள். எந்தக் கேள்வியில் பிள்ளைகள் தடுமாறினார்கள், புள்ளி எதற்குக் கொடுக்கப்படுகிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். கடிதத்துக்கு முகவரியும் திகதியும் எழுதும் முறைக்கே புள்ளி உண்டு என்று தெரியாமல் அதை இழக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மூன்றாவது, கேட்டுப் பழகுவதற்கானவை. பி.பி.சி.யின் ஆங்கிலம் கற்கும் பகுதியில் ஆறு நிமிட உரையாடல்கள் எழுத்து வடிவத்தோடு இலவசமாக உள்ளன. பிரிட்டிஷ் கவுன்சிலின் தளத்தில் ஆரம்ப மட்டத்திலிருந்து படிப்படியாகப் பயிற்சிகள் உள்ளன. பரீட்சையில் கேட்டல் இல்லாவிட்டாலும் இது வீண்போகாது. ஒரு தடவை கேளுங்கள், இரண்டாம் தடவை எழுத்தைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள், மூன்றாம் தடவை கூடவே வாய்விட்டு வாசியுங்கள். எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்பது காதில் ஏறிவிட்டால், இடைவெளி நிரப்பும்போது கை தானாக எழுதும்.

நான்காவது, அகராதியும் மொழிபெயர்ப்பும். கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழையும் ஆங்கிலத்தையும் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். சொல்லுக்குப் பொருள் பார்க்க அதைப் பயன்படுத்துங்கள். முழுக் கட்டுரையைத் தமிழில் எழுதி அதனிடம் கொடுத்து ஆங்கிலமாக்கிக் கொப்பியில் பார்த்தெழுத வேண்டாம். பரீட்சை மண்டபத்துக்குள் கைத்தொலைபேசி வராது.

ஐந்தாவது, இப்போது எல்லோரும் பேசும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள். சாட்ஜிபிடி, ஜெமினி போன்றவை. இவற்றிடம் கேட்டால் கட்டுரையை நொடியில் எழுதித் தரும். அங்கேதான் ஆபத்து. அது எழுதிய கட்டுரை அதற்குத்தான் பயிற்சி, பிள்ளைக்கு அல்ல. ஆனால் சரியாகக் கேட்டால், வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவர் இல்லாத பிள்ளைக்கு அது நல்ல துணை. முதலில் பிள்ளை கொப்பியில் தானாக எழுத வேண்டும். பிறகு அதைத் தட்டச்சு செய்து, தமிழிலேயே இப்படிக் கேட்கலாம்: "நான் தரம் 11 மாணவி. இந்தக் கடிதத்தைத் திருத்தி எழுதித் தர வேண்டாம். பிழையுள்ள இடங்களை மட்டும் காட்டு. ஏன் பிழை என்று தமிழில் விளக்கு. நானே திருத்துகிறேன்." திருத்திய பின் மறுபடியும் காட்டலாம். ஒன்றை மறக்க வேண்டாம். இந்தச் செயலிகள் பிழையான விடயத்தையும் உறுதியான குரலில் சொல்லும். சந்தேகம் வந்தால் பாடப்புத்தகத்தைப் பாருங்கள், ஆசிரியரைக் கேளுங்கள்.

எங்கே நாம் தடுமாறுகிறோம்?

தமிழ் பேசும் பிள்ளைகள் ஆங்கிலத்தில் விடும் பிழைகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. தமிழில் வினைச்சொல் கடைசியில் வரும். "அம்மா கொழுந்து பறிக்கிறார்" என்கிறோம். ஆங்கிலத்தில் அம்மா, பறிக்கிறார், கொழுந்து என்ற வரிசையில் வர வேண்டும். அங்கே 'பிளக்' என்ற சொல்லோடு 'எஸ்' சேர்த்து 'பிளக்ஸ்' என்று எழுத வேண்டும், ஏனென்றால் அம்மா ஒருவர். 'ஏ', 'அன்', 'த' என்ற சின்னச் சொற்களுக்குச் சமமானவை தமிழில் கிடையாது, அதனால் எழுதும்போது விட்டுப்போகின்றன. தமிழில் 'மேசையில்', 'வீட்டுக்கு' என்று சொல்லின் பின்னால் ஒட்டுவதை ஆங்கிலம் சொல்லின் முன்னால் வைக்கிறது.

ஒவ்வொரு பிள்ளையும் ஒரு சிறு கொப்பியில் தன் பிழைகளை எழுதி வைக்க வேண்டும். பத்துக் கடிதம் எழுதினால் எந்தப் பிழை திரும்பத் திரும்ப வருகிறது என்று தெரிந்துவிடும். அநேகமாக நாலைந்து பிழைகள்தான் எல்லாப் புள்ளியையும் தின்றுகொண்டிருக்கும். அவற்றைத் திருத்தினாலே எஸ் எடுக்கும் பிள்ளை சி எடுக்கலாம்.

இன்னொன்றும் சொல்கிறோம். கட்டுரைக்குப் புத்தகத்தில் உள்ள பெரிய பெரிய சொற்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. தேயிலையைப் பற்றி, மழையைப் பற்றி, மலையைப் பற்றி, தாயின் உழைப்பைப் பற்றி நம் பிள்ளைக்குத் தெரிந்தது வேறு யாருக்கும் தெரியாது. கொழுந்து, மொட்டு, கவ்வாத்து, புல்வெட்டு, அட்டை, பனிமூட்டம் இவற்றுக்கெல்லாம் ஆங்கிலச் சொல் தேடி எழுதி வையுங்கள். "நான் விரும்பும் இடம்", "நான் மதிக்கும் ஒருவர்" என்று தலைப்பு வந்தால், சிறிய, பிழையில்லாத வசனங்களில் தன் வாழ்க்கையை எழுதும் பிள்ளைக்குப் புள்ளி கிடைக்கும்.

ஒரு போன், ஒரு வீடு

இனி உண்மை நிலைமைக்கு வருவோம். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது என்ன நடந்தது என்பது நமக்குத் தெரியும். பாடம் வாட்ஸ்அப்பில் வந்தது, நம் பிள்ளைகள் சிக்னல் தேடி மலை ஏறினார்கள். வீட்டில் இருப்பது ஒரு போன், அதையும் அப்பா வேலைக்குக் கொண்டுபோய்விடுவார். டேட்டாவுக்குக் காசு வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஒரு பக்கம் அடுப்பு, ஒரு பக்கம் தொலைக்காட்சி. இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் பேசுகிறோம்.

அதனால் எப்போதும் இணையத்தில் இருக்க வேண்டிய முறையை நாம் சொல்லவில்லை. வாரத்தில் ஒரு தடவை, சிக்னல் நன்றாக உள்ள இடத்தில், ஒருவர் புத்தகம், வினாத்தாள், ஒலிப்பதிவு எல்லாவற்றையும் இறக்கிக்கொள்ளட்டும். பிறகு புளூடூத் மூலமாகவோ மெமரி காட் மூலமாகவோ மற்றவர்களுக்குக் கொடுக்கலாம், அதற்கு டேட்டா தேவையில்லை. காணொளியைவிட ஒலிப்பதிவும் எழுத்தும் மிகக் குறைந்த டேட்டாவில் இறங்கும். வினாத்தாளைக் கடையில் ஒரு பிரதி அச்செடுத்து ஐந்து பிள்ளைகள் பகிர்ந்துகொள்ளலாம்.

நாலைந்து பிள்ளைகள் ஒரு குழுவாகச் சேருங்கள். ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் போதும். திங்கள் ஒரு பந்தி வாசித்து விடை எழுதுவது. செவ்வாய் ஒரு இலக்கணப் பயிற்சி. புதன் ஆறு நிமிட ஒலிப்பதிவு. வியாழன் போனைத் தொடாமல் ஒரு கடிதமோ அறிவித்தலோ எழுதுவது. வெள்ளி அதைத் திருத்துவது. சனி பிழைக் கொப்பியையும் புதிய சொற்களையும் மீட்டுவது. ஞாயிறு சனசமூக நிலையத்தில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து, போன்களை அணைத்து ஒரு பெட்டியில் போட்டுவிட்டு, கடிகாரம் வைத்து ஒரு வினாத்தாள். நேரத்துக்குள் எழுதி முடிப்பதும் ஒரு பழக்கம்தான். உயர்தரம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் அண்ணன், அக்கா ஒருவர் மேற்பார்வை பார்த்தால் போதும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

"எங்களுக்கு ஆங்கிலம் தெரியாதே, நாங்கள் என்ன செய்வது?" என்று தாய்மார் கேட்கிறார்கள். செய்ய நிறைய இருக்கிறது. மாலையில் ஒரு குறிப்பிட்ட நேரம் போன் பிள்ளைக்கு என்று முடிவு செய்யுங்கள். அந்த நேரம் தொலைக்காட்சியை நிறுத்துங்கள். "இன்றைக்கு என்ன எழுதினாய், காட்டு" என்று கேளுங்கள். அதை வாய்விட்டு வாசிக்கச் சொல்லி, அது என்ன என்று தமிழில் சொல்லச் சொல்லுங்கள. தமிழில் விளக்க முடியாவிட்டால் பிள்ளைக்கு விளங்கவில்லை என்று அர்த்தம். அதைக் கண்டுபிடிக்க ஆங்கிலம் தேவையில்லை.

இன்னொரு விடயத்தையும் வெளிப்படையாகப் பேச வேண்டும். பையன் கையில் போன் இருந்தால் பேசாமல் இருக்கும் நாம், பெண் பிள்ளை கையில் எடுத்தால் ஏன் என்று கேட்கிறோம். பயம் புரிகிறது. ஆனால் போனைப் பறித்து வைப்பதால் பாதுகாப்பு வராது, படிப்புத்தான் போகும். நடுவீட்டில், எல்லோர் கண் முன்னாலும், குழுவாக உட்கார்ந்து படிக்கட்டும். அதே வீட்டில் பிள்ளைக்காம்பரா வேலை, தண்ணீர் எடுப்பது, தம்பியைப் பார்ப்பது எல்லாம் பெண் பிள்ளை தலையிலேயே இருந்தால் அரை மணித்தியாலம் எங்கிருந்து வரும்? பரீட்சை வருடத்திலாவது அந்த வேலைகளைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள்.

ஏமாற வேண்டாம்

பரீட்சை நெருங்கும்போது "வினாத்தாள் எங்களிடம் இருக்கிறது, காசு அனுப்புங்கள்" என்று வாட்ஸ்அப்பில் செய்தி வரும். அது மோசடி. காசும் போகும், பிள்ளையின் கவனமும் போகும். யாராவது போனுக்கு வரும் ஓ.டி.பி. இலக்கத்தைக் கேட்டால் சொல்லக்கூடாது. அடையாள அட்டையின் படத்தை எந்தச் செயலியிலும் முன்பின் தெரியாத குழுவிலும் போடக்கூடாது.

வெளிநாடு போக நினைக்கும் இளைஞர்களுக்கும் சொல்கிறோம். ஐ.ஈ.எல்.டி.எஸ். என்ற பரீட்சையில் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதிகள் உள்ளன. நாமே தோற்றித்தான் எழுத வேண்டும். "பரீட்சை எழுதாமலே சான்றிதழ் எடுத்துத் தருகிறோம்" என்று சொல்லும் முகவரிடம் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். செயலிகள் தரும் அலங்காரச் சான்றிதழும் சாதாரண தரச் சான்றிதழுக்கு ஈடாகாது.

நாம் கேட்க வேண்டியது

இவ்வளவும் சொன்னதால், போன் இருந்தால் போதும், ஆசிரியர் தேவையில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ளக்கூடாது. 1970களில் அரசு பொறுப்பேற்கும் வரை தோட்டப் பாடசாலை என்பது பெரும்பாலும் ஒரு மண்டபமும் ஒரு ஆசிரியருமாகத்தான் இருந்தது. அங்கிருந்து இன்று பட்டதாரிகளும் ஆசிரியர்களும் வந்திருக்கிறார்கள் என்றால், அது கேட்டும் போராடியும் பெற்ற முன்னேற்றம். பயிற்சி பெற்ற ஆங்கில ஆசிரியர் ஒவ்வொரு பாடசாலைக்கும் வேண்டும். சனசமூக நிலையத்தில் இணைய இணைப்பும் ஒரு கணினியும் வேண்டும். சிக்னல் எட்டாத டிவிசன்களுக்குக் கோபுரம் வேண்டும். இவற்றை வலயக் கல்வி அலுவலகத்திடமும் தோட்ட நிர்வாகத்திடமும் மக்கள் பிரதிநிதிகளிடமும் எழுத்தில் கேட்க வேண்டும். கிடைக்கும் வரை பிள்ளையின் பரீட்சை காத்திருக்காது. அதனால் கேட்பதையும் செய்வதையும் ஒன்றாகவே செய்வோம்.

இப்போது செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஒவ்வொரு டிவிசனிலும் 10ஆம், 11ஆம் தரப் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலைத் தோட்டக் கமிட்டித் தலைவர்கள் இந்த வாரத்துக்குள் எழுதித் தாருங்கள். மேற்பார்வைக்கு வரக்கூடிய உயர்தரம் முடித்த பிள்ளைகளின் பெயரையும் சேர்த்துக் கொடுங்கள். பாடசாலை அதிபரிடமும் ஆங்கில ஆசிரியரிடமும் பேசி, ஆண்டவாரியாக வினாத்தாள்களைச் சேர்ப்போம். வரும் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு முதலாவது வினாத்தாள். பிள்ளைகள் பேனாவோடு வாருங்கள். பெற்றோர் அந்த மூன்று மணித்தியாலத்துக்கு அவர்களை வேறு வேலைக்குக் கூப்பிடாமல் இருங்கள்.